ரைட்டர் பிவேர்: போலி இலக்கிய ஏஜென்டுகளைப் பிடிக்க இது போதுமா?

அமெரிக்காவிலோ லண்டனிலோ ஆங்கிலப் புத்தகம் போட ஆசைப்படும் நம்மூர் ஆட்கள் யாராவது "நல்ல ஏஜென்ட் பேர் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால், நான் ஏஜென்ட் பெயர், அதாவது நம் பிரதியைப் பதிப்பகத்திடம் விற்றுக்கொடுக்கும் ஆளின் பெயர், சொல்வதில்லை. ரைட்டர் பிவேர் (Writer Beware) என்ற இணையதளத்தின் பெயரைத்தான் சொல்வேன். முழுக்க இலவசம். போலி ஏஜென்ட், காசு பிடுங்கும் பதிப்பகம், நுழைவுக் கட்டணத்துக்காகவே நடத்தப்படும் போட்டி, கழுத்தை நெரிக்கும் ஒப்பந்தம் என்று எழுத்தாளர்களைக் குறிவைக்கும் எல்லா ஏமாற்று வேலைகளையும் பற்றி இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக இவர்கள் எழுதி வருகிறார்கள். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நாலரை. மீதி அரை எங்கே போனது என்பதைக் கீழே சொல்கிறேன்.

1998ல் விக்டோரியா ஸ்ட்ராஸ், ஆன் கிரிஸ்பின் என்ற இரண்டு நாவலாசிரியைகள் ஆரம்பித்தது இது. அமெரிக்க அறிவியல் புனைவு, மிகைபுனைவு எழுத்தாளர்களின் சங்கமான எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ. ஆதரவு தருகிறது. வேலை செய்பவர்கள் தன்னார்வலர்கள். கிரிஸ்பின் 2013ல் காலமாகிவிட்டார், ஸ்ட்ராஸ் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார். சங்கத்தின் பெயரைப் பார்த்துவிட்டு வேற்றுக்கிரகக் கதை எழுதுபவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம், சமையல் புத்தகம் எழுதினாலும் கேட்கலாம், பதில் வரும்.

சரி, இப்படி ஒரு சேவை நமக்கு ஏன் தேவைப்படுகிறது? தமிழில் ஏஜென்ட் என்ற ஆளே ஏறக்குறையக் கிடையாது என்பதுதான் முதல் காரணம். பதிப்பாளரிடம் நேரே போவோம், தெரிந்தவர் மூலமாகப் போவோம், புத்தகக் கண்காட்சியில் ஸ்டாலுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசி முடிப்போம். பல பேர் தங்கள் முதல் கவிதைத் தொகுப்புக்குக் கைக்காசைப் போட்டுத்தான் அச்சடிக்கிறார்கள், அதில் வெட்கமும் இல்லை. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலப் பதிப்புலகத்தின் வாசலில் போய் நிற்கும்போது, "உங்கள் நாவலைப் பிரதிநிதித்துவம் செய்கிறோம், ஆரம்பச் செலவுக்கு மட்டும் முன்னூறு டாலர்" என்று ஒருவர் சொன்னால் நமக்கு உறுத்துவதே இல்லை. எங்கும் உள்ளதுதானே என்று கட்டிவிடுகிறோம். ஆனால் அங்கே அது எங்கும் உள்ளது இல்லை.

உண்மையான ஏஜென்ட் எப்படி வேலை செய்வார் என்று தெரிந்தால் போலியைக் கண்டுபிடிக்கும் வேலை பாதி முடிந்துவிடும். நீங்கள் ஒரு பக்கக் கடிதம் எழுதுகிறீர்கள், கூடவே கதைச்சுருக்கம், முதல் சில பக்கங்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் "எனக்கு ஒத்துவரவில்லை" என்று இரண்டு வரி வரும், அல்லது பதிலே வராது. பிடித்திருந்தால் முழுப் பிரதியைக் கேட்பார். படித்த பிறகு போனில் பேசுவார், எதை மாற்ற வேண்டும், எந்தப் பதிப்பகத்தில் எந்த எடிட்டரிடம் காட்டப்போகிறார் என்றெல்லாம் சொல்வார். அதுவரை அவருக்கு ஒரு பைசா கிடையாது. புத்தகம் விற்ற பிறகு, பதிப்பகம் தரும் பணத்தில் உள்நாட்டு உரிமைக்குப் பதினைந்து சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு இன்னொரு ஏஜென்டோடு பங்கு போட வேண்டியிருப்பதால் பெரும்பாலும் இருபது சதவீதம், இதுதான் அவர் சம்பாத்தியம். பதிப்பகம் பத்தாயிரம் டாலர் முன்பணம் தந்தால் அவருக்கு ஆயிரத்து ஐந்நூறு. விற்காவிட்டால் பூஜ்யம். அவர் செலவழித்த நேரம் போனது போனதுதான்.

ஏஜென்ட் என்பவர் விற்றே ஆக வேண்டிய நிலையில் இருக்கிறார், அதனால்தான் விற்கிறார். விற்பதற்கு முன்பே உங்களிடமிருந்து காசு வந்துவிட்டால் அவர் விற்க வேண்டிய அவசியமே இல்லை. ஐந்நூறு பேரிடம் முன்னூறு டாலர் வாங்கினால் ஒரு புத்தகம்கூட விற்காமல் ஒன்றரை லட்சம் டாலர் பார்த்துவிடலாம், நியூயார்க்கில் எந்த எடிட்டரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜேம்ஸ் மெக்டொனால்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதை ஒரே வரியில் சட்டமாகவே சொல்லிவைத்திருக்கிறார், யாக் விதி என்று பெயர்: பணம் எழுத்தாளரை நோக்கித்தான் ஓட வேண்டும். ரைட்டர் பிவேரில் நூறு கட்டுரை படித்தாலும் கடைசியில் எல்லாம் இந்த ஒரு வரிக்கு உரை எழுதியதுபோலத்தான் இருக்கும். இதே மெக்டொனால்ட் ஒரு எழுத்தாளர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வேண்டுமென்றே படுமோசமான நாவல் ஒன்றை எழுதி, "நாங்கள் தரம் பார்த்துத்தான் எடுப்போம்" என்று பீற்றிக்கொண்டிருந்த ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிய கதை தனி. ஒரு அத்தியாயம் கிடையாது, ஒரு அத்தியாயம் இரண்டு முறை வரும், ஒன்று கணினி நிரல் எழுதியது. 2004 டிசம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் வாபஸ் வாங்கினார்கள். போலி ஏஜென்ட் "உங்கள் புத்தகத்தை விற்றுவிட்டேன்" என்று சொன்னால் பல நேரம் இந்த மாதிரி இடத்தில்தான் விற்றிருப்பார்.

ரைட்டர் பிவேரின் பெரிய பலம் அதன் பழைய சரக்கு. இன்றைக்கு வரும் மோசடி எதுவும் புதிது இல்லை என்பதை அந்தப் பழைய வழக்குகளைப் படித்தால்தான் புரியும். நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் எடிட் இங்க் என்று ஒரு நிறுவனம் இருந்தது. ஏஜென்டுக்குக் கதை அனுப்பினால், "அருமையாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் செம்மைப்படுத்த வேண்டும், இவர்களிடம் கொடுங்கள்" என்று பதில் வரும். எழுத்தாளர் போய்ப் பணம் கட்டுவார், அதில் ஒரு பங்கு அனுப்பிவைத்த ஏஜென்டுக்குத் திரும்பி வரும். மாநில அரசே வழக்குப் போட்டது 1990களின் கடைசியில். கென்டக்கியில் டீரிங் என்றொரு ஏஜென்சி, படிக்கக் கட்டணம், ஒப்பந்தத்துக்குக் கட்டணம் என்று வாங்கிக் குவித்து, கடைசியில் புத்தகங்களைத் தங்கள் குடும்பமே நடத்திய பதிப்பகத்துக்கு 'விற்று' அதற்கும் எழுத்தாளரிடமே காசு வாங்கியது. நடத்திய டோரதி டீரிங் சிறைக்குப் போனார். மார்த்தா ஐவரி என்ற பெண்மணி இன்னும் கெட்டி: ஒரு பெயரில் பதிப்பாளர், வேறொரு பெயரில் ஏஜென்ட், இரண்டு பேரும் ஒரே ஆள்! ஏஜென்ட் பரிந்துரைப்பார், பதிப்பாளர் ஏற்பார், எழுத்தாளர் இரண்டு பேருக்கும் நன்றிக் கடிதம் எழுதுவார். 2006ல் அவருக்கு ஐந்து வருடத்துக்கு மேல் தண்டனை கிடைத்தது, எஃப்.பி.ஐ. விசாரணைக்குப் புகார்களையும் ஆவணங்களையும் சேர்த்துக் கொடுத்தது ரைட்டர் பிவேர். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு "ஒரு எடிட்டரைப் பரிந்துரைக்கிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால் உங்கள் காது தானாகவே நிமிரும். எடிட் செய்துகொள்ளச் சொல்வதில் தப்பில்லை, குறிப்பிட்ட ஒருவரிடம்தான் செய்ய வேண்டும் என்றால்தான் சந்தேகம்.

இப்போது சமீபத்தில் நடந்த ஒன்று. நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் மகனோடு இருக்கும் என் பெரியப்பா, நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்த அனுபவங்களை ஆங்கிலத்தில் எழுதி அமேசானில் தானே போட்டிருந்தார். பாய்லர், டர்பைன், நிலக்கரி வராமல் திணறிய இரவுகள், கேன்டீன் இட்லி, அவ்வளவுதான் புத்தகம். அவருக்கு ஒரு மெயில். நியூயார்க்கின் பிரபலமான ஒரு ஏஜென்டின் பெயரில். எனக்கு அனுப்பிவைத்துவிட்டு போனில் கூப்பிட்டார்.

"டேய், புஸ்தகத்தை வரிவரியாப் படிச்சிருக்கான்டா. பாரு என்ன எழுதியிருக்கான்னு."

பார்த்தேன். கதாநாயகனின் உள்மனப் போராட்டமும் அவன் காதலியைத் திரும்ப அடைவதற்கான பயணமும் தன்னை உலுக்கிவிட்டதாக எழுதியிருந்தது. பாய்லர் பழுதுபார்த்த அனுபவப் புத்தகத்தில் காதலி எங்கே வந்தாள்? "பெரியப்பா, பெரியம்மாவுக்குத் தெரியுமா இந்தக் காதலி விஷயம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் சிரித்துவிட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "பேரு நிஜமான பேருடா, நான் தேடிப் பார்த்தேன், பெரிய ஆளு" என்றார்.

அங்கேதான் சிக்கலே. பெயர் நிஜம்தான், எழுதியவன்தான் அந்த ஆள் இல்லை. ரைட்டர் பிவேர் ஆள்மாறாட்டப் பட்டியல் என்றே தனியாக ஒன்று வைத்திருக்கிறது, எந்த நிஜ ஏஜென்ட், எந்த நிஜ எடிட்டர், எந்த நிஜப் பதிப்பகத்தின் பெயரைத் திருடர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று. அந்த ஏஜென்ட் பெயர் அதில் இருந்தது. மெயில் வந்த முகவரியைப் பார்த்தால் ஏஜென்சியின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் 'லிட்' என்று ஒரு ஒட்டும். அந்த இணைய முகவரி எப்போது பதிவானது என்று, இணைய முகவரிகளின் பதிவு விவரம் காட்டும் ஹூஈஸில் (Whois) தேடினால், அந்த வருடம்தான் பதிவாகியிருக்கிறது, ஏஜென்சியோ பல வருடமாக இருக்கிறது. ஏஜென்சியின் உண்மையான தளத்தில் முகப்பிலேயே எச்சரிக்கை போட்டிருந்தார்கள், எங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டால் அது நாங்கள் இல்லை என்று. அடுத்த மெயிலில் எதிர்பார்த்த சங்கதி வந்தது: ஒரு பெரிய பதிப்பகம் வாங்கத் தயாராம், ஆனால் அதற்கு முன் புத்தகத்துக்கு 'மறு உரிமம்' எடுக்க வேண்டுமாம், கடைகள் திருப்பி அனுப்பும் பிரதிகளுக்கு 'காப்பீடு' போட வேண்டுமாம், எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே. இந்த இரண்டு சொல்லையும் ரைட்டர் பிவேரில் தேடிப் பாருங்கள், வரிசையாக வந்து விழும். நிஜப் பதிப்புலகத்தில் எழுத்தாளர் பணம் கட்டும் மறு உரிமமும் கிடையாது, புத்தகக் காப்பீடும் கிடையாது.

பெரியப்பா பணம் கட்டவில்லை. ஆனால் "அப்ப யாருமே படிக்கலையாடா?" என்று கேட்டார், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் படித்திருக்கிறேன் என்று சொன்னேன், அதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வயதானவர்கள், தாங்களே புத்தகம் போட்டவர்கள், இவர்கள்தான் இந்தக் கும்பல்களின் முதல் குறி. கலிபோர்னியாவில் ஒரு நிறுவனமும் பிலிப்பைன்ஸில் அதற்கு ஆள் பிடித்துக்கொடுத்த கால் சென்டரும் சேர்ந்து இப்படி எண்ணூறுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களிடமிருந்து நாலு கோடியே நாற்பது லட்சம் டாலர் வரை சுருட்டியதாக அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் குற்றச்சாட்டை வெளியிட்டது. பதிப்பகம் வாங்கப்போகிறது, ஹாலிவுட்காரர்கள் கேட்கிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்னதும். அந்த நிறுவனத்தைப் பற்றி ரைட்டர் பிவேர் பல வருடம் முன்பிருந்தே எழுதிக்கொண்டிருந்தது. போலீஸ் வருவதற்கு எவ்வளவு காலம் முன்னால் இவர்கள் மோப்பம் பிடிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆள்மாறாட்டத்தில் பணமே கேட்காதவனும் உண்டு. ஃபிலிப்போ பெர்னார்தினி என்ற இத்தாலியர், லண்டனில் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர், ஏஜென்ட்கள், எடிட்டர்கள் பெயரில் போலி மெயில் முகவரி உருவாக்கி இன்னும் வெளிவராத ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளைக் கறந்துவிட்டார். ஆங்கில 'எம்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டால் அவசரமாகப் பார்க்கும் கண்ணுக்கு 'எம்' போலவேதான் தெரியும். கனடாவின் பிரபல நாவலாசிரியை மார்கரெட் அட்வுட் பிரதியைக்கூடக் குறிவைத்தார் மனுஷன். 2022 ஜனவரியில் நியூயார்க் விமான நிலையத்தில் கைது, அடுத்த வருடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிரதியை விற்கவும் இல்லை, வெளியிடவும் இல்லை. பதிப்புலகத்திலேயே ஊறிப்போன பெரிய ஆட்களே முகவரியைச் சரியாகப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் நாம் இரண்டு முறை பார்ப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. பதில் அனுப்பும் பொத்தானை அழுத்தாமல், ஏஜென்சியின் தளத்தில் இருக்கும் முகவரியைக் கையால் அடித்து, "இது நீங்கள்தானா?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

திருடனைவிட ஒரு ஆபத்தான ஆள் உண்டு என்பதை எனக்குப் புரியவைத்ததற்காகவே ரைட்டர் பிவேருக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கலாம். அவர் காசு வாங்கமாட்டார், இனிமையாகப் பேசுவார், உங்கள் எழுத்தை நிஜமாகவே ரசிப்பார். ஆனால் பதிப்புத் தொழிலில் ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க மாட்டார், வேறு ஏஜென்சியில் பயிற்சி எடுத்திருக்க மாட்டார், ஒரு எடிட்டர்கூட அவருக்குப் பழக்கம் இருக்காது. லேப்டாப்பும் ஆர்வமும் இருந்தால் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் ஏஜென்ட் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம், உரிமம் எதுவும் தேவையில்லை. இவர் என்ன செய்வார் என்றால், கிடைத்த எடிட்டர் முகவரிக்கெல்லாம் உங்கள் நாவலை ஒரே மெயிலில் மொத்தமாக அனுப்பிவிடுவார். யாருமே படிக்காமல் ஒதுக்குவார்கள். ஒரு வருடம் கழித்து நீங்கள் ஒரு நல்ல ஏஜென்டிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இதை ஏற்கனவே யாரிடமெல்லாம் காட்டியிருக்கிறீர்கள்?" பட்டியலைப் பார்த்ததும் அவருக்கு அனுப்ப இடமே மிச்சம் இருக்காது, ஒரு முறை வேண்டாம் என்ற எடிட்டர் அதே நாவலை மறுபடி எடுத்துப் பார்ப்பது அபூர்வம். காசு போனால் சம்பாதிக்கலாம், நாவல் இப்படிப் போனால் அடுத்த நாவல்தான் எழுத வேண்டும். அதனால் புதிய ஏஜென்ட் என்றால் ஓடிவிட வேண்டியதில்லை, பெரிய ஏஜென்சியில் அனுபவசாலியின் கீழே வேலை பார்க்கும் இளைஞர் பல சமயம் மூத்தவரைவிட உங்களுக்காக ஓடுவார். "இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், என்னென்ன விற்றிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "அது ரகசியம்" என்று பதில் வந்தால் கிளம்பிவிடலாம். விற்ற புத்தகம் கடையில் இருக்கப்போகிறது, அதில் என்ன ரகசியம்?

ஒப்பந்தம் பற்றிய கட்டுரைகளும் உருப்படியானவை. செலவு விஷயத்தை மட்டும் இங்கே சொல்கிறேன், இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். நல்ல ஏஜென்ட்களும் கூரியர், பிரதி எடுத்த செலவு என்று கொஞ்சம் கழிப்பதுண்டு. ஆனால் அது புத்தகம் விற்ற பிறகு வரும் பணத்திலிருந்து, ஒரு வரம்புக்குள், அதற்கு மேல் போனால் உங்களைக் கேட்டு. முன்கூட்டி மாதம் இவ்வளவு என்று கேட்பது வேறு ஜாதி. இன்னொன்று, ஏஜென்ட் தான் விற்ற புத்தகத்துக்கு அந்த ஒப்பந்தம் இருக்கும் வரை கமிஷன் வாங்குவது நியாயம்தான். காப்புரிமை இருக்கும் காலம் முழுக்க, அதாவது நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் பல பத்தாண்டுகள், வேறு யார் விற்றாலும் எனக்குப் பங்கு என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். நமக்கு ஒப்பந்தம் என்றாலே கடைசிப் பக்கத்தில் கையெழுத்து எங்கே என்று தேடும் பழக்கம், அதை இந்த விஷயத்திலாவது விட வேண்டும்.

இனி அந்த அரை மதிப்பெண். தேடுவது கஷ்டம். கால வரிசையில் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன, ஒரே ஏமாற்றுக் கும்பல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெயரை மாற்றுவதால் பழைய கட்டுரைக்குக் கீழே புதுப் பெயர், அதற்குக் கீழே இன்னொரு பெயர். முதல் முறை வருபவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திணறுவார். அப்புறம், பட்டியலில் பெயர் இல்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து. நேற்று முளைத்த போலிக்கு இன்னும் புகாரே வந்திருக்காது. அதோடு இவர்கள் யார் மோசம் என்று சொல்வார்கள், யார் நல்லவர் என்று பரிந்துரைக்க மாட்டார்கள். அது கொள்கை, அதில் நான் குறை சொல்லவில்லை, ஆனால் விடாமல் ஒரு வாரம் படித்தால் உலகத்தில் நேர்மையான ஏஜென்டே இல்லை என்ற எண்ணம் வந்துவிடும். எக்கச்சக்கமாக இருக்கிறார்கள்.

அவர்களைத் தேட வேறு இடங்கள் வேண்டும். அமெரிக்க ஏஜென்ட்கள் சங்கமான ஏ.ஏ.எல்.ஏ. உறுப்பினர்களுக்கு விற்பனை அனுபவம் இருக்க வேண்டும், கதையைப் படிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அவர்களின் நெறிமுறையில் இருக்கிறது. உறுப்பினர் இல்லாத நல்லவர்களும் உண்டு, ஆகவே இது ஒரு தொடக்கம்தான். பப்ளிஷர்ஸ் மார்க்கெட்பிளேஸ் என்ற தளம் யார் எந்தப் புத்தகத்தை எந்தப் பதிப்பகத்துக்கு விற்றார்கள் என்று காட்டும், மாதம் 25 டாலர், பட்டியல் தயாரான பிறகு ஒரு மாதம் மட்டும் கட்டி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம், ஆனால் அந்த விவரங்களை ஏஜென்ட்களே தருகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். கொயரிடிராக்கர் என்ற தளத்தின் அடிப்படைச் சேவை இலவசம், எந்த ஏஜென்ட் பதில் போடுகிறார், எவ்வளவு நாளாகிறது என்று மற்ற எழுத்தாளர்கள் பதிந்துவைப்பதைப் பார்க்கலாம். எனக்குப் பிடித்த வழி இன்னும் பழையது: நீங்கள் எழுதுவதைப்போன்ற புத்தகத்தைக் கையில் எடுத்துக் கடைசியில் நன்றி சொல்லும் பக்கத்தைப் பாருங்கள், ஏஜென்ட் பெயர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

நேர்மையான ஏஜென்சியில் சேர்ந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் இல்லை. டொனேடியோ அண்ட் ஆல்சன் நியூயார்க்கில் எல்லோரும் மதித்த பழைய ஏஜென்சி. அதன் கணக்காளர் எழுத்தாளர்களுக்குப் போக வேண்டிய பணத்தில் முப்பத்து நாலு லட்சம் டாலர் வரை கையாடினார், 2018ல் பிடிபட்டார். பாதிக்கப்பட்டவர்களில் சக் பலானியக் போன்ற பிரபலங்களும் உண்டு. பணம் முதலில் ஏஜென்சிக்கு வந்து அங்கிருந்து எழுத்தாளருக்குப் போகும் ஏற்பாட்டில் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது. பதிப்பகமே ஏஜென்டின் பங்கை அவருக்கும் உங்கள் பங்கை உங்களுக்கும் நேராக அனுப்பும்படி கேட்கலாம், எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கேட்பதில் என்ன போகிறது. ராயல்டி கணக்கு வர வேண்டிய மாதத்தில் வராவிட்டால் மரியாதைக்காகச் சும்மா இருக்காதீர்கள்.

இந்தியா பற்றி இவர்களிடம் அநேகமாக ஒன்றும் கிடையாது, இதுதான் நமக்குப் பெரிய குறை. டெல்லி, பெங்களூர், ஜெய்ப்பூரில் ஆங்கில எழுத்துக்கு நல்ல ஏஜென்சிகள் இருக்கின்றன, பல இந்தியப் பதிப்பகங்கள் ஏஜென்ட் இல்லாமலும் பிரதியை வாங்கிப் பார்க்கின்றன. ஆனால் "புத்தகம் போட்டு விருதும் வாங்கித் தருகிறோம்" என்று தொகுப்பு விலை பேசும் ஆட்களைப் பற்றித் தேதி, ஆதாரத்தோடு எழுதிவைக்க இங்கே யாரும் இல்லை. எழுதினால் என்ன ஆகும் என்பதும் ஒரு காரணம். 2006ல் ரைட்டர் பிவேர் மிக மோசமான இருபது ஏஜென்சிகளின் பட்டியலை வெளியிட்டபோது அதில் இருந்த ஒருவர் வழக்குப் போட்டார், விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளையைக்கூட விடவில்லை. அந்த அறக்கட்டளை மீதான வழக்கு 2008ல் தள்ளுபடியானது. ரைட்டர் பிவேருக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்றது. நம்மூரில் அவதூறு இன்னும் கிரிமினல் குற்றம், தனி ஆள் ஒருவர் பட்டியல் போட்டால் ஊர் ஊராகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். சங்கங்கள் நம்மிடமும் நிறைய இருக்கின்றன, விழா நடத்துவதற்கு நடுவில் இதையும் யோசிக்கலாம்.

இவர்களுக்கு எழுதிக் கேட்பதானால் ஏஜென்ட் பெயரை மட்டும் போட்டு "இவர் நல்லவரா?" என்று அனுப்பாதீர்கள். வந்த மெயிலை முழு முகவரியோடு, ஒப்பந்தம் தந்திருந்தால் அதன் நகல், பணம் கேட்டிருந்தால் எதற்கு எவ்வளவு என்று சேர்த்து அனுப்புங்கள். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. புகார் கொடுப்பவர் பெயரை வெளியே விடமாட்டார்கள். ஏற்கனவே கார்டில் பணம் கட்டிவிட்டவர்கள் இவர்கள் பதிலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், முதலில் வங்கிக்குப் போன் போட்டு அந்தத் தொகையை மறுத்துப் புகார் பதிவு செய்யுங்கள். அதற்குக் கெடு உண்டு.